நாடாவில் பட்ட எச்சில்

ஆகஸ்டு 7 வந்துவிட்டால் போதும். கைத்தறிக்காகக் கண் கலங்குகிறவர்களின் கூட்டம் தாங்க முடிவதில்லை. 2015இல் சென்னைப் பல்கலைக்கழக நூற்றாண்டு மண்டபத்தில் பிரதமரே வந்து தொடங்கிவைத்த தேசியக் கைத்தறி நாள் அது. அன்றைக்கு அமைச்சரிலிருந்து செய்தி வாசிக்கிறவர் வரைக்கும் கைத்தறி கட்டிக்கொண்டு வருவார்கள். பேச்சு மட்டும் வருசா வருசம் ஒன்றேதான். 'தலைமுறை தலைமுறையாக வந்த கலை', 'ரத்தத்தில் ஊறிய திறமை', 'அப்பனிடமிருந்து மகனுக்கு'.

இந்த மூன்றையும் கொஞ்சம் தட்டிப் பாருங்கள். மூன்றிலும் சாதி என்ற ஒரே சத்தம்தான் கேட்கும். அப்பன் தொழிலை மகன் கற்கட்டும் என்று 1953இல் ராஜாஜி திட்டம் போட்டபோது 'குலக்கல்வி' என்று பெயர் வைத்து விரட்டியடித்தது இந்தத் தமிழ்நாடு. அதே சரக்கை ஒரு நல்ல சேலையில் சுற்றிக் கொடுத்தால் 'பாரம்பரியம்' என்று கண்ணில் ஒற்றிக்கொள்கிறது.

இன்னொரு பக்கம் நகரங்களில் சின்னச் சின்ன நெசவுக்கூடங்கள் வந்திருக்கின்றன. 'ஸ்டுடியோ' என்கிறார்கள். நாலு தறி, ரெண்டு ராட்டை, ஓர் அவுரிச் சாயத் தொட்டி, வெள்ளையடித்த சுவர். அங்கே நெய்கிற துண்டும் போர்வையும் சேலையும் அழகாகத்தான் இருக்கின்றன. இதைச் சொல்ல நமக்கென்ன கூச்சம்? துவைக்கத் துவைக்க மெதுவாகிறது, வியர்வையைக் குடிக்கிறது, வருசக்கணக்கில் உழைக்கிறது. அழகும் பயனும் ஒரே பொருளில் கூடி வருவது லேசான காரியமில்லை. ஆனால் சேலையில் தொங்குகிற அட்டையில் இருப்பது வடிவமைத்தவர் பெயர். நெய்தவருக்கு 'கைவினைஞர்' என்ற பொதுப்பெயர். வாங்குகிறவர்களைப் பொறுத்தவரை அவர் ஒரு ஜோடிக் கை, அவ்வளவுதான்.

நமக்குக் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. அந்தத் தறியில் யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்பதை முடிவு செய்தது யார்?

எச்சில்

பம்பாய்ப் பஞ்சாலைகளின் கதையை நம் இளைஞர்கள் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். நெசவுப் பிரிவில் கூலி அதிகம். நூற்புப் பிரிவில் குறைவு. மகர்கள் நூற்புப் பிரிவில் வேலை செய்யலாம், குப்பை அள்ளலாம். நெசவுப் பிரிவுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. காரணம் என்ன? தார் தீர்ந்துபோனால் நெசவாளர் புதுத் தாரை நாடாவில் போட்டு, நாடாவின் ஓட்டையில் வாயை வைத்து உறிஞ்சி நூல் நுனியை வெளியே இழுக்க வேண்டும். ஒருத்தர் வாய் வைத்த நாடாவில் அடுத்த ஷிப்டுக்காரர் வாய் வைப்பார். தீண்டத்தகாதவன் எச்சில் பட்ட நாடாவில் சாதி இந்துத் தொழிலாளி எப்படி வாய் வைப்பான்?

இந்த வேலைமுறை உலகத்தின் மற்ற ஆலைகளிலும் இருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1911இல் அதைத் தடை செய்தது. அங்கே அவர்கள் பயந்தது எச்சில் வழியாகப் பரவும் நோய்க்கு. இங்கே நம்மாட்கள் பயந்தது எச்சில் வழியாகப் பரவும் சாதிக்கு. காசநோய் வந்தாலும் பரவாயில்லை, மகர் எச்சில் ஆகாது!

1928இல் பம்பாய்த் தொழிலாளர்கள் ஆறு மாத காலம் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். செங்கொடி ஏந்திய தலைவர்கள் கோரிக்கைப் பட்டியல் போட்டார்கள். அம்பேத்கர் போய்க் கேட்டார்: நெசவுப் பிரிவில் என் மக்களுக்கு வேலை தரவேண்டும் என்பதை ஏன் கோரிக்கையில் சேர்க்கவில்லை? இதைச் சேர்க்காவிட்டால் எங்கள் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்திலிருந்து விலகியிருக்கச் சொல்வேன் என்று கறாராக நின்றார். வேண்டா வெறுப்பாகத்தான் சேர்த்தார்கள். முதலாளிகளோ, இந்த அநீதிக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கையைக் கழுவிக்கொண்டார்கள். அந்த ஒரு விசயத்தில் அவர்கள் சொன்னது பொய்யில்லை. கதவைச் சாத்தியவர்கள் உள்ளே இருந்த தொழிலாளர்கள்தான். எட்டு வருடம் கழித்து 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர், சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமன்று, வேலை செய்கிறவர்களையே பிரித்துப்போடுவது என்று எழுதியதற்குப் பின்னால் இந்த நாடாவும் இருக்கிறது.

நம் ஊர் மட்டும் யோக்கியமா? 1921இல் பெரம்பூர் பக்கிங்ஹாம் - கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தம் சாதிக் கலவரமாக மாறி, புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. 'வர்க்க ஒற்றுமை' பற்றி நமக்கு வகுப்பெடுக்கிறவர்கள் அந்தச் சாம்பலைக் கொஞ்சம் கிளறிப் பார்த்துவிட்டு வரட்டும்.

நூல் யாருடையது?

'உங்களுக்கும் தறிக்கும் என்னய்யா சம்பந்தம்?' என்று கேட்பவர்களுக்கு வரலாற்றையே பதிலாக வைப்போம்.

எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' தொகுதிகளைப் புரட்டுங்கள். பறையர்களைப் பற்றிச் சொல்கிற இடத்தில் பதினோராம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டு ஒன்றைக் காட்டுகிறார். அதில் இரண்டு பிரிவு வருகிறது. உழவுப் பறையர், நெசவுப் பறையர். ஆயிரம் வருசத்துக்கு முன்னால் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். கோலியர் என்று ஒரு சாதி. பறையரிலிருந்து நெசவுக்குப் போனவர்கள் என்று 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கை சொல்கிறது. இன்றைக்கும் தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகள் வரிசையில் அந்தப் பெயர் இருக்கிறது.

வள்ளுவரையே எடுத்துக்கொள்ளுங்கள். மயிலாப்பூரில் தறி போட்டு நெய்தார், ஏலேலசிங்கன் என்ற வணிகனிடம் நூல் வாங்கினார், வாசுகி ராட்டை சுற்றினார், பறைச்சி வயிற்றில் பிறந்தவர் என்றெல்லாம் காலங்காலமாகக் கதை வழங்குகிறது. கதைதான். ஆனால் தமிழின் பெரிய புலவனைத் தறிக்குழியில் உட்காரவைத்துப் பார்க்க இந்த மக்கள் தயங்கவில்லை. பின்னால் வந்தவர்கள்தான் அந்தப் பிறப்பை மழுப்பினார்கள், தறியைத் தூக்கிவிட்டுக் கையில் ஓலையும் எழுத்தாணியும் மட்டும் வைத்துச் சிலையாக்கினார்கள்.

தமிழில் புத்தகத்துக்கும் நூல் என்றுதான் பெயர், இழைக்கும் நூல் என்றுதான் பெயர். நன்னூல் பாயிரத்தில் பவணந்தியார் சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கிற பெண்ணாகவும் வைத்து உவமை சொல்கிறார். நூற்கிறவளை வைத்துத்தான் புலவனையே விளக்க முடிந்தது. மனுவுக்கும் நூல் தெரியும். பார்ப்பானுக்குப் பருத்தியில், சத்திரியனுக்குச் சணலில், வைசியனுக்குக் கம்பளியில் பூணூல் என்று பிரித்துக் கொடுத்தவன் அவன். அந்தப் பருத்தியை வெடிக்க வைத்தவனுக்கும் நூற்றவளுக்கும் என்ன கொடுத்தான்? ஒருத்தன் தோளில் ஏறினால் அதே நூல் இரண்டாம் பிறப்பு. நம் வாயில் பட்டால் தீட்டு.

நெய்வதில் மட்டுமா தடை? உடுத்துவதிலும். 1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி போடக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக்கூடாது. மீறினால் அடி, தீ வைப்பு. ஒரு கெஜம் துணி ஒரு மனுசனை நிமிர்ந்து நிற்க வைத்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. 2012இல் தர்மபுரி நத்தம் காலனியை எரித்த பிறகு, ஜீன்ஸ் பேண்டும் டி-சர்ட்டும் கூலிங்கிளாசும் போட்டு எங்கள் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார் ஒரு சாதிக் கட்சித் தலைவர்.

ஆகவே துணி நமக்கு வெறும் துணி கிடையாது.

ரத்தமா, கணக்கா?

'ரத்தத்தில் ஊறியது' என்ற புளுகை இங்கேயே உடைத்துவிடலாம். குழித்தறி என்பது என்ன? பள்ளத்தில் காலை விட்டு மிதியை மிதிக்கிறோம். விழுது ஏறி இறங்குகிறது. பாவு இரண்டாகப் பிரிகிறது. நடுவில் நாடா ஓடி ஊடையைப் போடுகிறது. அச்சு வந்து அடித்து நெருக்குகிறது. ஓர் அங்குலத்தில் எத்தனை இழை, எந்த நம்பர் நூல், கஞ்சி எவ்வளவு, கரையில் எத்தனை, உடலில் எத்தனை... எல்லாம் கணக்கு. கற்றுக்கொடுத்தால் யாருக்கும் வரும். மாதக்கணக்கில் உட்கார்ந்தால் கை பழகும், வருசக்கணக்கில் உட்கார்ந்தால் கண் பழகும். இதில் ரத்தத்துக்கு வேலையே இல்லை.

இன்னொன்று. ஆயிரமாண்டுப் பாரம்பரியம் என்கிற அந்தத் தறியையே உற்றுப் பாருங்கள். கயிற்றை இழுத்தால் பாய்கிற விசைநாடா 1733இல் இங்கிலாந்துக்காரன் ஜான் கே செய்தது. மேலே அட்டை அட்டையாகச் சுற்றி டிசைன் எடுக்கிற ஜக்கார்டு பெட்டி பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு 1804 வாக்கில் கொண்டுவந்தது. காஞ்சிபுரம் தறிகளிலும் அந்தப் பெட்டி ஏறி உட்கார்ந்திருக்கிறது. பாரம்பரியம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பிரான்சிலிருந்து வந்த இரும்புக்குத் தீட்டில்லை. பக்கத்துச் சேரியிலிருந்து வருகிற மனுசனுக்குத்தான் தீட்டு!

நம் பிள்ளைகளைத் தறிப்பக்கம் விடவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. விட்டார்கள், கொத்தடிமையாக. கோர்வைச் சேலையில் கரைக்கு ஒரு நாடா, உடலுக்கு ஒரு நாடா. மறுபக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள ஒரு சின்னக் கை வேண்டும். பட்டுத்தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. அப்பன் வாங்கிய முன்பணத்துக்காகத் தறியில் கட்டப்பட்டவர்களில் தலித், இசுலாமியப் பிள்ளைகள் அதிகம். கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போகிறவர்கள் கரையைத் தடவிப் பார்க்கும்போது இதையும் சேர்த்துத் தடவட்டும்.

நம்மாட்கள் சொல்வது

இப்போது நம் பக்கத்துத் தோழர்களுக்கு வருகிறேன். தறி என்று பேச்செடுத்தாலே அவர்களுக்குக் கோபம் வருகிறது. 'காந்தி ராட்டையைக் கொண்டாந்து நம்ம தலையில கட்டப் பாக்குறியா? அம்பேத்கர் கோட்டு சூட்டு போட்டார்யா! நம்ம புள்ளைங்க ஒரகடத்துல கம்பெனிக்குப் போவுதுங்க. அங்க போயி பள்ளத்துல காலை விட்டுக்கினு உக்காரச் சொல்றியா?'

கோபம் நியாயமானது. கோட்டை நாம் விடப்போவதில்லை, ஜீன்ஸையும் விடப்போவதில்லை. காந்தியின் ராட்டை வறுமையைப் புண்ணியமாக்கியது. அந்த விளையாட்டுக்கு நாம் வரவில்லை. கைத்தறியில் பணம் கொட்டுகிறது என்று பொய் சொல்லவும் நான் வரவில்லை. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சுமார் 35 லட்சம் பேர். நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பெண்கள். நெசவாளர் வீடுகளில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் ஐயாயிரம் ரூபாய்க்கும் கீழே. இந்தக் கூலி நெசவுக்கு நம் பிள்ளைகளை அனுப்பச் சொன்னால் என்னைச் செருப்பால் அடியுங்கள்.

ஆனால் கம்பெனி என்கிறீர்களே, அதையும் பார்ப்போம். மணிமங்கலத்தில் நின்றால் ஒரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர், ஒரு பக்கம் ஒரகடம். விடிகாலையில் கம்பெனி பஸ் வரிசையாக வருகிறது. 2006இல் நோக்கியா வந்தது. ஊரே பூரித்தது. 2014இல் கதவைச் சாத்திக்கொண்டு போனது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி ஆணியில் மாட்டின. 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் சங்கம் வைக்கும் உரிமைக்காக 37 நாள் வெளியே உட்கார வேண்டியிருந்தது. நம் காலனியிலிருந்து போகிறவர்களில் எத்தனை பேர் நிரந்தரம்? எத்தனை பேர் காண்டிராக்ட், லோடிங், கேண்டீன், ஹவுஸ்கீப்பிங்? நீங்களே எண்ணிச் சொல்லுங்கள். பம்பாயில் நாடா செய்த வேலையை இங்கே காண்டிராக்டரின் நோட்டுப் புத்தகம் செய்கிறது. கம்பெனி வேலைக்கும் சண்டை போடுவோம். ஆனால் நமக்கு இருப்பது அந்த ஒரே வாசல்தான் என்று யார் சொன்னது?

மனிதனுக்குக் கூலி மட்டும் போதாது. தான் செய்த பொருளைத் தூக்கிப் பிடித்து 'இது என்னுது' என்று சொல்ல வேண்டும். அந்தச் சுகத்தைச் சாதி இந்துக்கள் தங்களுக்கென்று பதுக்கிவைத்துக்கொண்டார்கள். நமக்கு விட்டது பிணமும் சாணியும், இப்போது ஷிப்டும். கவிதை எழுதினால் நம்மை ஏற்றுக்கொள்ள இன்று ஒரு கூட்டம் வந்திருக்கிறது. ஒரு போர்வையின் நிறத்தை, கரையை, கட்டத்தைத் தீர்மானிக்கிற மூளை சேரியில் இருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் இன்னும் ஆளில்லை.

வங்கியில் ஒரு கேள்வி

நான் வேலை பார்க்கிற கிளைக்குப் பக்கத்துக் காலனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்து நாலு வயசு, டிப்ளமோ. கார் சீட்டுக்கு உறை தைக்கிற கம்பெனியில் காண்டிராக்டில் இருந்து நிறுத்தப்பட்டவள். ஒரு பயிற்சியில் நெசவு கற்றிருக்கிறாள். ரெண்டு தறி போட்டு, துண்டும் படுக்கை விரிப்பும் நெய்து விற்கக் கடன் கேட்டாள். தான் நெய்த துண்டு ஒன்றையும் கொண்டுவந்து மேசையில் விரித்தாள். ஏரித்தண்ணி நிறத்தில் உடல், செங்கல் நிறத்தில் கரை. கிளையில் எல்லாருமே தொட்டுப் பார்த்தார்கள்.

கடன் பிரிவு அதிகாரி கேட்டார்: 'நெசவு உங்க குலத்தொழிலாம்மா? முதலியாரா நீங்க?'

'இல்ல சார். காலனி.'

'அப்போ உங்களுக்கு எதுக்கும்மா இது? மாட்டு லோனுக்கு எழுதிக் குடுங்க, பாக்கலாம்.'

துண்டை மடித்துக்கொண்டு வெளியே வந்தவள் என்னிடம் சொன்னாள்: 'கார் சீட்டு தைக்கும்போது யாரும் சாதி கேக்கலண்ணா. தறி வாங்கத்தான் கேக்கறாங்க.'

அவர் ஒருத்தரைத் திட்டிப் பயனில்லை. காகிதங்களே அப்படித்தான் இருக்கின்றன. நெசவாளர்களுக்கான சலுகைக் கடனுக்குப் போனால், நீ ஏற்கெனவே நெசவாளி என்று காட்டு என்கிறது. 2016இல் தலித்துகளுக்கும் பெண்களுக்கும் என்று வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம் பத்து லட்சத்துக்குக் கீழே பேசவே இல்லை. ரெண்டு தறியும் ஒரு கொட்டகையும் அவ்வளவு ஆகாது. 2023இல் வந்த விஸ்வகர்மா திட்டம் குடும்ப வழித் தொழில் என்றே பேசியது. தமிழ்நாடு அரசு அதைக் குலத்தொழில் என்று மறுத்து, சாதி, குடும்பம் பார்க்காத கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025இல் தொடங்கியது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் அதற்கு முப்பத்தைந்து வயசு ஆகியிருக்க வேண்டும். இளசுகள் படிக்கட்டும் என்ற நியாயம் புரிகிறது. படித்து முடித்து, கம்பெனி துரத்திவிட்ட இருபத்து நாலு வயசுக்காரி இன்னும் பதினோரு வருசம் என்ன செய்வாள்?

நெய்து காட்டியவர்கள்

இது நடக்காத காரியமில்லை. குஜராத்தின் கட்ச் பகுதியில் நெய்கிற வண்கர்கள் மேக்வால்கள், பட்டியல் சாதியினர். காலங்காலமாக ரபாரி இடையர்களுக்குக் கம்பளி நெய்து கொடுத்தவர்கள். அவர்களின் புஜோடி கிராமத்து விஷ்ராம் வால்ஜி 1974இல் தேசிய விருது வாங்கினார். 2001 நிலநடுக்கத்தில் கட்ச் குலைந்துபோனது. பிறகு 2005இல் அங்கே கைவினைஞர்களுக்கென்றே கலா ரக்ஷா வித்யாலயா என்ற வடிவமைப்புப் பள்ளி தொடங்கியது. நெய்கிறவரே வடிவமைப்பாளர், தன் பெயரில் விற்கலாம், தன் விலையைத் தானே சொல்லலாம் என்ற நிலைக்குப் பலர் வந்தார்கள். பம்பாய் தாராவியில் சுதீர் ராஜ்பர் தொடங்கிய 'சமார் ஸ்டுடியோ' இன்னும் ஒருபடி மேலே. வசைச்சொல்லாக இருந்த சாதிப் பெயரையே கடைப் பெயராக்கி, மாட்டிறைச்சித் தடைக்குப் பிறகு வேலையிழந்த தோல் தொழிலாளர்களோடு சேர்ந்து பழைய ரப்பரில் பை செய்து உலகச் சந்தைக்கு அனுப்புகிறார்கள்.

அமெரிக்காவின் அலபாமாவில் கீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். அடிமைகளின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைத்தார்கள். குளிருக்குத்தான் தைத்தார்கள். 1966இல் அந்தப் பகுதிப் பெண்கள் 'ஃப்ரீடம் குயில்டிங் பீ' என்று கூட்டுறவு வைத்தார்கள். ஓட்டுரிமை கேட்டதற்காக நிலத்தைவிட்டு விரட்டப்பட்டவர்களும் அதில் இருந்தார்கள். 2002இல் அந்தப் போர்வைகள் நியூயார்க் விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. 2006இல் தபால்தலையாயின. 2007இல் சில பெண்கள் தங்களுக்குச் சேரவேண்டிய பணம் வரவில்லை என்று வழக்குப் போட்டார்கள். புகழ் கொடுப்பார்கள், கணக்கைக் கொடுக்க மாட்டார்கள். கணக்குப் புத்தகம் நம் கையில் இருக்க வேண்டும் என்பதே இதில் நமக்கான பாடம்.

நாம் கேட்பது

ஒன்று. மணிமங்கலம் போன்ற ஊர்களில், ஊர்த்தெருவில் இல்லை, காலனிக்குள் பொது நெசவுக்கூடம் வேண்டும். நாலு தறி, ஒரு சாயக்கொட்டகை, சம்பளம் வாங்கும் ஆசிரியர். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து பூங்கா வைத்தது போதும், இதற்குக் கொடுக்கட்டும்.

இரண்டு. யாரும் கற்கலாம், யாரும் விடலாம். அம்மா நெய்தாள் என்று மகளை உட்கார வைக்கக் கூடாது. கற்றவள் நாளைக்கே பொறியாளராகப் போனால் கைதட்டி அனுப்ப வேண்டும். விட்டுப்போகிற உரிமை இல்லாத தொழில் எதுவும் நமக்குத் தொழில் ஆகாது.

மூன்று. கடன் மனுவில் 'பாரம்பரியம்' என்ற கேள்வியே இருக்கக் கூடாது. புதிதாக நெய்ய வருகிறவருக்கும் நெசவாளர் அட்டை வேண்டும்.

நான்கு. துணியில் நெய்தவர் பெயர் வரவேண்டும். விலையை நெய்தவரே சொல்ல வேண்டும்.

பாரம்பரியக் காவலர்கள் பதறட்டும். 'எல்லாரும் நெய்ய வந்தால் கலை கெட்டுவிடும்' என்பார்கள். எல்லாரும் எழுத வந்தபோதும் இதையேதான் சொன்னார்கள். தமிழ் கெட்டுப்போகவில்லை, கொஞ்சம் வாய் திறந்து பேசியது. தறியும் பேசும். தோழர்களே, கொட்டகைக்கு இடம் பாருங்கள். நாடாவில் நம் எச்சில் படட்டும்.